85.70: ஒரு எச்.எஸ்.சி. முடிவும் அதற்குப் பின் நடந்த பல்கலைக்கழகச் சேர்க்கையும்

சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் வாழும் யாழ்ப்பாணக் குடும்பம் அது. மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் எச்.எஸ்.சி. தேர்வு எழுதியிருந்தாள். டிசம்பர் நடுவில் முடிவு வந்தது: பல்கலைக்கழகச் சேர்க்கைக்குப் பயன்படும் ஏடார் என்ற எண் 85.70. அவள் ஆசைப்பட்டது பிசியோதெரபி. அந்தப் படிப்பில் உடனே இடம் கிடைக்கவில்லை; ஒரு வருடம் கழித்து வேறு வழியாக அதிலேயே சேர்ந்தாள். இடைப்பட்ட காலத்தில் அந்த வீடு பட்ட பாட்டில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்க முடியும் என்பது என் கருத்து. எந்தக் கட்டத்தில் எடுத்த முடிவு சேர்க்கையை எந்தப் பக்கம் இழுத்தது என்று பின்னோக்கிப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் மேல்வகுப்புப் பிள்ளைகளின் விண்ணப்ப வேலைகளுக்கு உதவுகிறவன் என்ற முறையில் அந்த வீட்டோடு எனக்குப் பழக்கம். அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவள் எடுத்த பாடங்களும் எச்.எஸ்.சி. மதிப்பெண்களும் இவை: ஆங்கிலம் அட்வான்ஸ்டு 83, கணிதம் அட்வான்ஸ்டு 87, கணிதம் எக்ஸ்டென்ஷன் ஒன்றில் ஐம்பதுக்கு 38, வேதியியல் 80, இயற்பியல் 76, தமிழ் 92.

"அண்ணை, தமிழில தொண்ணூத்திரண்டு, கணக்கில எண்பத்தேழு. பிறகேன் எண்பத்தஞ்சு தந்திருக்கிறாங்கள்? கூட்டிப் பார்த்ததில பிழை விட்டிட்டாங்களோ?" என்று தகப்பனார் கேட்டார். மதிப்பெண் என்று நினைத்துக்கொண்டுதான் அவர் கேட்டார். நம்மில் மிகப் பலர் அப்படித்தான் நினைக்கிறோம்.

ஏடார் என்பது சராசரி மதிப்பெண் அல்ல, வரிசையில் ஒருவர் நிற்கும் இடம். 0.00 முதல் 99.95 வரை, 0.05 இடைவெளியில் கொடுக்கிறார்கள். 85.70 என்றால் அவளுடைய வயதுத் தொகுதியில் மேலிருந்து ஏறக்குறைய 14.3 சதவீதத்துக்குள் அவள் இருக்கிறாள் என்று பொருள். அந்தத் தொகுதியில் எச்.எஸ்.சி. எழுதியவர்கள் மட்டும் இல்லை. ஏழாம் வகுப்பில் கூடப் படித்து, பிறகு பள்ளியை விட்டு வேலைக்கோ தொழிற்கல்விக்கோ போனவர்களும் கணக்கில் வருகிறார்கள். அதனால்தான் ஏடார் பெறுபவர்களின் நடு மதிப்பு 50 ஆக இல்லாமல் 70-ஐ ஒட்டி இருக்கிறது. 70 வாங்கிய பிள்ளையை "எழுபதுதானா" என்று வீட்டில் கடிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை தன் வயதுக்காரர்களில் பத்துக்கு ஏழு பேரைவிட முன்னால் நிற்கிறது என்பதை அந்த வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த முறை 2009-இல் நியூ சவுத் வேல்ஸிலும் கான்பெராவிலும் வந்தது. மறு ஆண்டு மற்ற மாநிலங்களும் எடுத்துக்கொண்டன. குயின்ஸ்லாந்து மட்டும் ஒன்று முதல் இருபத்தைந்து வரையிலான தன் பழைய வரிசையை 2019 வரை வைத்திருந்துவிட்டு 2020-இல் மாறியது.

பத்தாம் வகுப்பில் எடுத்த முடிவு

கதை உண்மையில் டிசம்பரில் தொடங்கவில்லை. பத்தாம் வகுப்பின் நடுவில், பாடம் தேர்ந்தெடுக்கும் படிவத்தில் தொடங்கியது. அவளுக்கு உயிரியல் பிடிக்கும், நன்றாகவும் செய்வாள். டியூஷன் நடத்திய ஒருவர், "பயாலஜிக்கு ஸ்கேலிங் குறைவு, பிசிக்ஸ் எடுங்கோ" என்றார். வீடும் ஒப்புக்கொண்டது. இயற்பியல் அவளுக்கு இரண்டு வருடமும் சுமையாகவே இருந்தது.

வெவ்வேறு பாடங்களின் மதிப்பெண்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும் கணக்குதான் ஸ்கேலிங். அதைப் பற்றி நம்மவர்களிடையே உலவும் பேச்சில் பாதி தவறு. 'இந்தப் பாடம் எடுத்தால் மதிப்பெண் ஏறும், அந்தப் பாடம் எடுத்தால் இறங்கும்' என்று முன்கூட்டியே எழுதிவைத்த பட்டியல் எதுவும் கிடையாது. நியூ சவுத் வேல்ஸில் ஏடாரைக் கணக்கிடும் யூ.ஏ.சி. என்ற சேர்க்கை மையம் ஒவ்வொரு ஆண்டும் புதிதாகக் கணக்குப் போடுகிறது. ஒரு பாடத்தை எடுத்த மாணவர்கள் தங்கள் மற்றப் பாடங்களில் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்த்து, அந்தக் கூட்டத்தின் பொதுத் திறனை மதிப்பிடுகிறார்கள். திறன் கூடிய கூட்டம் என்றால் அந்தப் பாடத்தின் சராசரி மேலே போகும். இயற்பியலின் சராசரி உயிரியலைவிட மேலே இருப்பது உண்மைதான். ஆனால் மேலே போன சராசரி, அந்தக் கூட்டத்தின் கீழ்ப்பாதியில் நிற்கிறவரைத் தூக்கிவிடாது. உயிரியல் வகுப்பில் முன்வரிசையில் நிற்பவர், இயற்பியல் வகுப்பின் நடுவில் நிற்பவரைவிட அதிகம் பெறலாம்.

அவள் விஷயத்தில் என்ன ஆனது? பாடங்களை யூனிட் என்ற அளவில் எண்ணுகிறார்கள்; அவள் எடுத்தவற்றில் கணிதம் எக்ஸ்டென்ஷன் ஒன்று ஒரு யூனிட், மற்றவை இரண்டிரண்டு. ஏடாருக்குக் குறைந்தது பத்து யூனிட் தேவை. ஆங்கிலத்தின் சிறந்த இரண்டு யூனிட் கட்டாயம். அதன் பிறகு மற்றவற்றில் சிறந்த எட்டு யூனிட். அவளிடம் மொத்தம் பதினொரு யூனிட் இருந்தது. கடைசியில் நின்ற ஒரு யூனிட் கணக்கில் சேராது. ஸ்கேல் செய்த மதிப்பெண்ணை மாணவருக்குத் தனியாகக் காட்டமாட்டார்கள். ஆனால் யூ.ஏ.சி. ஆண்டுதோறும் வெளியிடும் ஸ்கேலிங் அறிக்கையின் அட்டவணைகளை வைத்துக் கிட்டத்தட்டக் கணக்கிடலாம். அப்படிப் பார்த்தபோது அவளுக்குக் கடைசியில் நின்றது இயற்பியல். ஸ்கேலிங்குக்காகவே எடுத்த பாடத்தில் ஒரு யூனிட்தான் கணக்கில் சேர்ந்தது, அதுவும் மற்ற எல்லாவற்றையும்விடக் குறைந்த பங்கோடு. இரண்டு வருட உழைப்பில் பெரும்பங்கை விழுங்கிய பாடம் அது. எனக்கு இதில் இன்னமும் கோபம் உண்டு. பிடித்த பாடத்தை விட்டுவிட்டு வந்த ஒரு பிள்ளையிடம் யாரும் அந்த நேரத்தைத் திருப்பித் தர முடியாது.

அந்த வீட்டில் தாத்தா ஒருவர் இருக்கிறார். ஸ்கேலிங் என்ற பேச்சு வந்தாலே அவர் முகம் இறுகிவிடும். 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் தரப்படுத்தல் வந்தபோது, மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தமிழ் மொழியில் எழுதிய மாணவர்கள் சிங்கள மொழியில் எழுதியவர்களைவிடக் கூடுதலாக எடுத்தால்தான் இடம் என்று ஆனது. பிறகு மாவட்டக் கோட்டா வந்தது. தன் வகுப்பில் யார் யார் இடம் இழந்தார்கள் என்று அவர் பெயர் பெயராகச் சொல்வார். "இங்கயும் அதைத்தான் செய்யிறாங்கள்" என்பது அவர் எண்ணம். அந்த வலி நியாயமானது. அதை யாரும் அலட்சியமாகத் தள்ளக் கூடாது. ஆனால் இங்கே நடப்பது வேறு. தேர்வு எழுதுகிறவரின் இனம், மொழி, ஊர் எதுவும் ஸ்கேலிங் கணக்குக்குள் நுழைவதில்லை. இலங்கையில் இப்போது உயர்தரத்துக்குப் பயன்படும் இசட் புள்ளியை அறிந்தவர்களுக்கு இதன் ஒரு பகுதி பழக்கமானதாக இருக்கும். வெவ்வேறு பாடங்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும் வேலைதான் இரண்டும், போடும் கணக்கு வேறு. இதைத் தாத்தாவுக்குப் பொறுமையாக விளக்கினோம். பாதி நம்பினார்.

தமிழ்ப் பாடம் பற்றியும் சொல்ல வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் எச்.எஸ்.சி.க்கும் விக்டோரியாவில் வி.சி.இ.க்கும் தமிழை ஒரு பாடமாக எழுதலாம். இவளுக்கு மிக அதிக மதிப்பெண் தமிழில்தான் வந்தது, அதன் இரண்டு யூனிட்டும் ஏடாரில் சேர்ந்தன. விக்டோரியாவில் மொழிப் பாடங்களின் ஸ்கேல் செய்த சராசரிக்கு அரசின் கொள்கைப்படி ஐந்து புள்ளி கூட்டுகிறார்கள். நியூ சவுத் வேல்ஸ் ஸ்கேலிங்கில் அப்படி ஒரு சலுகை கிடையாது. மெல்பர்னில் இருக்கும் சொந்தக்காரர் சொன்னார் என்று சிட்னியில் முடிவெடுத்தால் இப்படிப்பட்ட இடங்களில்தான் இடறுவோம்.

பன்னிரண்டாம் வகுப்பின் நடுப்பகுதி

எச்.எஸ்.சி. மதிப்பெண்ணில் பாதி கடைசித் தேர்வு, பாதி பள்ளி மதிப்பீடு. பள்ளி கொடுக்கும் மதிப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பள்ளி மாணவர்கள் பொதுத் தேர்வில் எப்படிச் செய்தார்கள் என்பதோடு பொருத்திச் சரிசெய்வார்கள். ஆனால் பள்ளிக்குள் யார் முதலில், யார் அடுத்து என்ற வரிசை மாறாது. ஆகவே பள்ளி வைக்கும் டிரையல் தேர்வு ஒத்திகை மட்டுமல்ல; அது முடிவின் ஒரு பகுதி.

இவளுக்கு டிரையல் தேர்வு வந்த அதே மாதங்களில்தான் யூகேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வும் வந்தது. ஆஸ்திரேலியாவில் பள்ளி முடித்ததும் நேரே மருத்துவத்தில் சேரப் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஏடார் மட்டும் போதாது. யூகேட், பிறகு நேர்காணல், இவற்றோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். மெல்பர்ன் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் ஒரு பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவமே. யூகேட்டை ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் எழுத வேண்டும். இவள் மருத்துவம் வேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அப்பா கேட்டார் என்பதற்காக எழுதினாள். வார இறுதிகள் அதற்கான பயிற்சி வகுப்பில் போயின. நேர்காணலுக்கு அழைப்பு வரவில்லை. வேதியியல் டிரையலில் வகுப்பின் நடுவுக்கு இறங்கியவள் அந்த வரிசையோடுதான் முடித்தாள்.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. தாய்க்கு ஓர் அறுவைச் சிகிச்சை. இரண்டு மாதத்துக்கு மேல் வீட்டு வேலையும் தம்பியைப் பார்த்துக்கொள்வதும் இவள் தலையில். பள்ளியில் யாருக்கும் சொல்லவில்லை. "வீட்டு வருத்தத்தை ஏன் வெளியில சொல்லுவான்" என்பது தாயின் எண்ணம். யூ.ஏ.சி.யில் கல்வி அணுகல் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. குடும்ப நோய், பொருளாதார நெருக்கடி, ஆங்கிலச் சிரமம், அகதிப் பின்னணி, தடைபட்ட பள்ளிப் படிப்பு போன்ற காரணங்களால் பாதிக்கப்பட்டவர்கள் ஆதாரத்தோடு விண்ணப்பித்தால், பல பல்கலைக்கழகங்கள் தேர்வு ரேங்கில் (மாணவரைத் தேர்ந்தெடுக்கப் பார்க்கும் வரிசை எண்ணில்) சில புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கின்றன. ஏடார் மாறாது, சேர்க்கைக்குப் பயன்படும் தேர்வு ரேங்க் மாறும். இது இரக்கம் காட்டிக் கொடுக்கும் பிச்சை இல்லை. சூழ்நிலையால் கீழே இறங்கிய முடிவைச் சரியாகப் படிப்பதற்கான வழி. ஆனால் விண்ணப்பத்தை உரிய கடைசித் தேதிக்குள் கொடுக்க வேண்டும், பள்ளியின் சான்றும் வேண்டும். இந்தத் தகவலை அந்தக் குடும்பம் டிசம்பரில்தான் கேள்விப்பட்டது. நம் வீடுகளில் நோயை மறைக்கும் வழக்கம் பிள்ளைகளுக்கு எவ்வளவு விலை வைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

முன்கூட்டிய அழைப்பு பற்றியும் அவர்கள் யோசிக்கவில்லை. பதினோராம் வகுப்பு முடிவையும் பள்ளியின் பரிந்துரையையும் வைத்து, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுக்கு முன்பே இடம் தரும் முறை அது. யூ.ஏ.சி. வழியாகப் பள்ளிப் பரிந்துரைத் திட்டம் நடக்கிறது. பல்கலைக்கழகங்கள் நேரடியாகவும் நடத்துகின்றன. பிள்ளைகள் சீக்கிரம் இடம் வாங்கிவிட்டுப் படிப்பில் கையைத் தளர்த்திவிடுகிறார்கள் என்ற புகாரினால், செப்டம்பருக்கு முன் இத்தகைய அழைப்புகளைக் கொடுப்பதில்லை என்று 2024-இல் ஏற்பாடானது. நம் சமூகத்தில் பலர் இதைக் 'கெட்டிக்காரர் அல்லாதவர்களுக்கான வழி' என்று ஒதுக்குகிறார்கள். அப்படியில்லை. கையில் ஓர் அழைப்பு இருந்தால் பிள்ளை பதற்றமில்லாமல் தேர்வு எழுதும். மேலான இடம் பிறகு கிடைத்தால் அதற்கு மாறவும் செய்யலாம்.

முடிவு வந்த பிறகு: விருப்ப வரிசை

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான். மற்றவற்றை டிசம்பரில் மாற்ற முடியாது; விருப்ப வரிசையை மாற்ற முடியும்.

யூ.ஏ.சி. விண்ணப்பத்தில் ஐந்து விருப்பங்கள் வரை கொடுக்கலாம். அந்த வீட்டில் ஏற்கெனவே கொடுத்திருந்த வரிசையில் முதல் மூன்று மருத்துவம், நான்காவது பொறியியல், ஐந்தாவது பிசியோதெரபி. முடிவு வந்ததும் தகப்பனார் நேர் எதிர்ப்பக்கம் ஓடினார். "கிடைக்கிறதை முதலில போடுவம், இல்லாட்டி அதுவும் போயிடும்" என்று சுகாதார அறிவியலை முதலிடத்தில் வைக்கச் சொன்னார்.

இரண்டுமே தவறு. ஒவ்வொரு சுற்றிலும், மாணவர் தகுதி பெறும் மிக மேலான விருப்பத்துக்கு ஒரே ஓர் அழைப்பு வரும். முதல் விருப்பத்துக்குத் தகுதி இல்லையென்றால் இரண்டாவதைப் பார்ப்பார்கள், பிறகு மூன்றாவது. மேலே எட்டாத படிப்பை வைத்ததால் கீழே இருப்பது பறிபோகாது. ஆனால் எளிதாகக் கிடைப்பதை மேலே வைத்தால் அந்தச் சுற்றில் அதற்குக் கீழே உள்ளதை யாரும் பார்க்கவே மாட்டார்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போட்டவர்களுக்கு இது புரியும். மனதில் இருக்கும் உண்மையான ஆசை வரிசையில்தான் போட வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் வெளியிடும் மிகக் குறைந்த தேர்வு ரேங்க் பற்றியும் ஒரு குழப்பம். அதை நம்மவர்கள் கட்-ஆஃப் என்கிறார்கள், தமிழ்நாட்டில் இருநூறுக்குப் போடும் கட்-ஆஃபை நினைத்துக்கொண்டு. இங்கே வெளியிடும் எண் போன ஆண்டில் கடைசியாக இடம் பெற்றவரின் ரேங்க். அதில் கூட்டுப் புள்ளிகளும் சேர்ந்திருக்கும். இந்த ஆண்டு எத்தனை பேர் கேட்கிறார்கள், எத்தனை இடம் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். முன்பு வெளியிட்ட கட்-ஆஃபுக்குக் கீழே பலரைச் சேர்த்திருந்தது 2016-இல் பெரிய விவாதமாகி, அதன் பிறகுதான் இந்த எண்களை வெளியிடும் முறையே திருந்தியது.

புதிய வரிசை இப்படி ஆனது: இரண்டு பல்கலைக்கழகங்களின் பிசியோதெரபி முதலில். இரண்டுக்கும் போன ஆண்டின் மிகக் குறைந்த ரேங்க் தொண்ணூறைத் தாண்டியிருந்தது. கிடைக்க வாய்ப்புக் குறைவு, இருந்தும் வைத்தோம். மூன்றாவதாக, முதல் பல்கலைக்கழகத்திலேயே சுகாதார அறிவியல். உடற்கூறியல், உடலியங்கியல் இரண்டும் முதல் ஆண்டில் இருந்ததால் அதைத் தேர்ந்தோம். பிறகு செவிலியம், அறிவியல். மருத்துவத்தை எடுத்துவிட்டோம். தகப்பனார் அன்று சாப்பிடவில்லை என்று பிறகு தாய் சொன்னார்.

கிறிஸ்துமஸுக்கு முன் வந்த சுற்றில் மூன்றாவது விருப்பம் கிடைத்தது. அதை ஏற்றுக்கொண்டே அடுத்த சுற்றுக்கும் காத்திருக்கலாம், இவளும் காத்திருந்தாள். ஜனவரியில் மேலே எதுவும் வரவில்லை. சேர்ந்தாள். உயிரியல் சார்ந்த பாடங்கள் அவளுக்கு இயல்பாக வந்தன. முதல் ஆண்டில் பெரும்பாலும் டிஸ்டிங்ஷன். ஆண்டு முடிவில் பிசியோதெரபிக்கு மறுபடி விண்ணப்பித்தபோது அவர்கள் முதலில் பார்த்தது பல்கலைக்கழகத்தின் ஜி.பி.ஏ. சராசரியை. இடம் கிடைத்தது. முதல் ஆண்டுப் பாடங்களில் சிலவற்றுக்கு விலக்கும் கிடைத்தது.

இது விதிவிலக்கான வழி இல்லை. மெல்பர்னில் உள்ள மிட்செல் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2016-இல் இளநிலைப் படிப்பில் சேர்ந்த உள்நாட்டு மாணவர்களில் ஏடார் அடிப்படையில் வந்தவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். மற்றவர்கள் வேறு படிப்பிலிருந்து மாறியவர்கள், டேஃப் என்ற அரசுத் தொழிற்கல்வி நிறுவனத்தில் டிப்ளமோ முடித்தவர்கள், வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள், ஆயத்தப் படிப்பு வழியாக வந்தவர்கள். நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ஓப்பன் ஃபவுண்டேஷன் என்ற ஆயத்தப் படிப்பு 1974 முதல் நடக்கிறது. அப்படியானால் ஏடார் தேவையில்லையா? தேவைதான். பள்ளியிலிருந்து நேரே போகிறவர்களுக்கு, அதிலும் போட்டி கூடிய படிப்புகளுக்கு, அது மிக முக்கியம். ஒரு வருடச் செலவும் சேமிக்கும். ஆனால் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆண்டு முடித்தவுடன் அதன் எடை வேகமாகக் குறைந்துவிடுகிறது. இவள் வீட்டில் 85.70-ஐ ஒரு தீர்ப்புப் போல எடுத்துக்கொண்டு அழுதார்கள். அது உண்மையில் ஒரு டிசம்பர் மாதத்துக்கான வரிசை எண்.

எண்ணால் திறக்காத கதவு

அதே வகுப்பில் இன்னொரு தமிழ்ப் பையன். இவளைவிட அதிக ஏடார், தொண்ணூறுக்கு மேல். பொறியியலுக்கு அழைப்பும் வந்தது. ஆனால் அவன் குடும்பம் படகில் வந்து பல ஆண்டுகளாக, தற்காலிகமாகத் தங்க மட்டும் அனுமதிக்கும் பிரிட்ஜிங் விசாவில் இருக்கிறது. உள்நாட்டு மாணவர்களுக்கு அரசு மானியம் தரும் இடம் அவனுக்குக் கிடையாது, வெளிநாட்டு மாணவர் கட்டணம். ஹெக்ஸ் என்ற அரசுக் கல்விக் கடனும் இல்லை. தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்தவர்களுக்கு 2023 பிப்ரவரியில் நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது, அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஹெக்ஸ் உதவியும் கிடைத்தது. புகலிடக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு பிரிட்ஜிங் விசாவிலேயே நிற்பவர்களுக்கு அது எட்டவில்லை. இத்தகைய மாணவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் தனி உதவித்தொகை தருகின்றன. அவன் அதற்கு விண்ணப்பித்துக் காத்திருந்தான். பதின்மூன்று வருடம் இந்த நாட்டுப் பள்ளியில் படித்த பிள்ளை. இதில் எது நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

திறன் விசாவில் வந்து நிரந்தர வதிவாளராக இருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களுடைய பிள்ளைகளுக்கு மானிய இடம் கிடைக்கும். ஆனால் குடியுரிமை எடுக்காதவரை பொதுவாக ஹெக்ஸ் கடன் கிடைக்காது, கட்டணத்தை முன்கூட்டியே கையிலிருந்து கட்ட வேண்டும். மனிதாபிமான அடிப்படையிலான நிரந்தர விசாக்காரர்கள் போன்ற சிலருக்கு இதில் விலக்கு உண்டு. குடியுரிமை விண்ணப்பத்தை "பார்ப்பம், பார்ப்பம்" என்று தள்ளிப்போடும் குடும்பங்கள் பதினோராம் வகுப்பிலேயே இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இவளுடைய தம்பி இப்போது பத்தாம் வகுப்பு. பாடத் தேர்வுப் படிவத்தோடு தகப்பனார் வந்தார். இந்த முறை கேள்வி வேறாக இருந்தது: "அண்ணை, இவனுக்கு வரலாறும் எக்கனாமிக்ஸும் பிடிக்குதாம். கணக்கு அட்வான்ஸ்டு காணுமோ, எக்ஸ்டென்ஷனும் வேணுமோ?" அவன் யோசிக்கும் படிப்புகளுக்கு எந்த அளவு கணிதத்தை எதிர்பார்க்கிறார்கள் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் பக்கத்திலும் சேர்ந்து பார்த்தோம். அட்வான்ஸ்டு போதும் என்று தெரிந்தது. தமிழை அவனே எழுதிச் சேர்த்தான்.